ஆற்றோர மலைக்குக் கூப்பிடு தூரம்

1

இரண்டாண்டுகளுக்கு முன் இவ்விதழில் நான் எழுதிய குறிப்பொன்றை அன்பர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருப்பதாக ஆசிரியர் எழுதியிருக்கிறார். வெயிலையும் புல்லையும் பற்றிய ஓர் ஆங்கிலச் சொல்வழக்கை அதில் விளக்கியிருந்தேன். அந்நாட்டில் வெயில் அருமையானது. அறுத்த புல்லை வெயில் கண்ட நாளிலேயே உலர்த்திக்கொள்ளாத குடியானவனின் மாடுகளுக்குப் பனிக்காலத்தில் தீனி இராது. ஆகவே, வாய்த்த தருணத்தை நழுவவிடாதவனைப் பாராட்டும்போது அவர்கள் அந்தப் புல்லையும் வெயிலையும் சொல்வார்கள். இவ்வளவும் சரியான விளக்கமே. விளக்கத்தோடு நான் நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. அந்தச் சொல்வழக்கை நான் முதன்முதலில் கேட்டது மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரு வெயில் நாளின் மாலையில், ஒரு துரையின் வாயிலிருந்து என்றும், அந்த ஒரு நாளே என் வாழ்வின் உயர்வுக்கு வழி திறந்தது என்றும் எழுதினேன். ஏறத்தாழ ஒரு மாதம் விடாமல் பெய்த மழைக்குப் பின் வந்த வெயில், மலை முழுவதும் ஒரே சமயத்தில் துளிர்த்த கொழுந்து, ஆட்களை அசையவிடாமல் அந்தி வரை நான் நடத்திய வேலை, துரை என் தோளில் வைத்த கை, எல்லாம் அதில் இருந்தன. நம் ஜில்லாவில் ஒரு தலைமையாசிரியர் அதனை மாணவர்கள் முன் படித்துக் காட்டினாராம். இளைஞர் சிலர் எனக்குக் கடிதம் எழுதினர். நானும் மகிழ்ந்து மறுமொழி எழுதினேன்.

அந்தக் குறிப்பில் வெயில் உண்டு, கொழுந்து உண்டு, துரை உண்டு. காத்தாயி இல்லை. அந்த விடுபாட்டைச் சரிசெய்வதற்காகவே இதனை எழுதுகிறேன். முன்னது அச்சான அதே பக்கத்தில் இதுவும் அச்சாக வேண்டுமென்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

என்னைப் புதிதாக அறிபவர்களுக்காகச் சில வரிகள். திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பு முடித்து, ஊரில் தக்க வேலை கிடையாமையால், காப்பிச் செடிகள் நோய் கண்டு அழிந்துகொண்டிருந்த காலத்தில் இந்தச் சிலோன் தீவுக்கு வந்தேன். காப்பி இருந்த மலைகளில் தேயிலை வந்தபோது மடுல்சீமையில் கணக்கப்பிள்ளையானேன். விடியலில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதும், பகல் முழுவதும் மலையில் நின்று மேற்பார்ப்பதும், மாலையில் கொழுந்தை நிறுப்பதும் கணக்கப்பிள்ளையின் பணி. அங்கிருந்து பதுளையில் ஓர் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தேன். ஓய்வு பெற்றபின் கடைவீதியை அடுத்த சிறு வீட்டில் வசிக்கிறேன்.

ஊரிலிருந்து தம்பி எழுதும் கடிதங்களில் என் தமிழைக் கேலி செய்வான். ரயிலைக் ‘கோச்சி’ என்றும், அறையைக் ‘காம்பரா’ என்றும் நான் எழுதிவிடுகிறேனாம். உண்மைதான். சொற்கள் எப்போது மாறின என்று எனக்குத் தெரியவில்லை. என் மகன் நடராஜனுக்கு அந்தக் கவலையும் இல்லை. கொழும்பில் வணிக நிலையம் ஒன்றில் நல்ல பதவியில் இருக்கிறான். எனக்கு ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதுகிறான். ‘உங்கள் உடல்நலம் குறித்து அறிய ஆவல்’ என்ற பொருளில் தொடங்கி அதே பொருளில் முடியும் கடிதங்கள் அவை.

என் மனைவி விசாலாட்சி சென்ற ஆண்டு சித்திரை மாதக் கடைசியில் காலமானாள். அப்போதும் இவ்விதழில் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதக்கூடியவனாக இல்லை.

ஒரு விவரம் மட்டும் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் பெறுவோர் குறித்த நாளில் அலுவலகத்துக்கு நேரில் சென்று, தாம் உயிரோடிருப்பதை அதிகாரியின் முன் மெய்ப்பித்துக் கையெழுத்திட வேண்டும். விசாலம் காய்ச்சலில் கிடந்த பன்னிரண்டாம் நாள் அந்த நாளாக அமைந்தது. காலையில் அவள் சற்றுத் தெளிவாக இருந்தாள். அருகில் அங்கம்மா இருந்தாள். மடுல்சீமையில் கொழுந்தெடுக்கும் பெண் அங்கம்மா. செய்தி கேள்விப்பட்டதும் பேரை இழந்து, அதாவது நாட்கூலியை இழந்து, வந்து பன்னிரண்டு நாளும் விசாலத்தின் காலடியில் கிடந்தாள்.

நான் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னே இருவர். அப்போது வாசலில் கூச்சல். சேவகன் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தான்.

“இங்கெல்லாம் வரக்கூடாது, ஆச்சி. தொர உள்ளுக்கு இருக்காரு.”

“ஒன் தொரைக்கு நானா தாலி கட்டப் போறேன்? தள்ளுடா!” என்றாள் அங்கம்மா. அவள் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பாலத்துக்குச் சுற்றிப் போகாமல் ஓடையில் இறங்கி வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் குரல் மாறியது. “ஐயா, வாங்க. இப்பவே வாங்க.”

“ஒரு கையெழுத்து அங்கம்மா, இரண்டே பேர்...”

“கையெழுத்து நாளைக்கும் போடலாங்க. வாங்க.”

போனேன். விசாலத்துக்கு நினைவு இருந்தது. அங்கம்மா பால் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். மூன்று மடக்கு இறங்கியது. நான்காவது இறங்கவில்லை. உயிர் பிரியும் நேரத்தில் உரியவர் கையால் பால் ஊற்றுவது நம்மவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடமையை நான் தவறவிடாமல் செய்தது, ஒரு கொழுந்துக்காரி ஓடையில் இறங்கி ஓடி வந்ததால்.

3

இவ்வாண்டு தலைத்திவசம் வந்தது. நடராஜன் முதல்நாள் வந்தான். பண்டாரவளை வரை கோச்சியிலும் அங்கிருந்து குதிரை வண்டியிலும் வந்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது. எள்ளும் தண்ணீரும் விடும்போது, “எந்தக் கையால அப்பா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். புரோகிதர் காதில் விழுந்துவிட்டது. “வலக்கைதான் தம்பி. கொழும்பிலேயும் அதுதான்,” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனுக்கு நான் இதையெல்லாம் கற்றுக்கொடுத்த நினைவு எனக்கு இல்லை.

சாப்பாட்டுக்குப் பந்தி போட்டபோது அங்கம்மா வந்து சேர்ந்தாள். பசறை வரை நடந்து, அங்கிருந்து வண்டியில் வந்திருக்கிறாள். மடியிலிருந்து சிறு பொட்டலம் ஒன்றை எடுத்து விசாலத்தின் படத்தின் முன் வைத்தாள். தோட்டத்துக் கோயில் திருநீறு. கடைவீதிப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

“இவ்வளவு தூரம் நடந்தா வந்தே?” என்றாள் ஒருத்தி.

“அந்த அம்மாவுக்கு நடக்காம வேற யாருக்கு நடப்பேன்? எங்காத்தா சாகையில வாயில பால ஊத்துனவங்க அவங்கதான்.”

“நீ எங்கே போனே?”

“மலையில நின்னேன். கொழுந்து நாளு. ஆத்தா இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு சொல்ல அம்மாதான் பொறப்பட்டு வந்திருக்காங்க. பாவம், அப்பத்தான் தோட்டத்துக்கு வந்த புதுசு. வழி மாறி மேமலைப் பக்கம் போயிட்டாங்களாம். சுத்திக்கிட்டுத் திரும்பி வந்து பாத்தா ஆத்தாவுக்குக் கடைசி மூச்சு. அவங்களே பால ஊத்தியிருக்காங்க. அன்னிக்குச் சாயங்காலம் ஏங்கையப் புடிச்சுக்கிட்டு, ‘நான் வழி தப்பிட்டேன் தாயி, ஏந்தப்புதான்’னு அழுதாங்க. நான் அப்பவே சொல்லிட்டேன், ‘போகட்டும்மா, ஒங்க மேல எனக்குக் கோவமில்ல, நான் மன்னிச்சுட்டேன்’னு. அதுக்கப்புறமும் வருசா வருசம் தீவாளிக்குச் சேலை குடுக்கையில அவங்க கண்ணு கலங்கும். நானும் வருசா வருசம் சொல்லுவேன், ‘அதான் மன்னிச்சுட்டேனேம்மா’ன்னு.”

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். “நல்ல மனசு உனக்கு,” என்றாள் ஒருத்தி.

நான் பரிமாறுபவருக்கு நெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டேன்.

விசாலம் வழி தப்பவில்லை.

4

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அது தை மாதம். மழை ஓய்ந்து வெயில் ஏறிய மூன்றாம் நாள். தேயிலைக் கொழுந்துக்கு ஒரு பருவம் உண்டு. இரண்டு நாள் தாமதித்தால் முற்றிவிடும். முற்றிய இலையால் நல்ல தூள் வராது. தோட்டத்தைப் பார்வையிடும் பெரிய அதிகாரி மறுநாள் வருவதாக இருந்தது. ‘இன்று ஆற்றோர மலை முழுவதும் முடிய வேண்டும். முடித்தால் உனக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன்,’ என்று துரை காலையில் சொல்லியிருந்தார். பதுளை வேலைக்கு அவர் எனக்குப் பரிந்துரை எழுதப்போகிறார் என்பதை நான் அறிந்திருந்தேன்.

ஆற்றோர மலை லயத்துக்கு நேர் எதிரே, சிற்றாறு ஒன்றுக்கு அப்பால் இருப்பது. லயம் என்பது ஆட்கள் குடியிருக்கும் நீண்ட வரிசைக் கட்டடம். நான் மலையின் மேற்புறத்து வண்டிப்பாதையில், தராசுக்கருகே நின்றிருந்தேன். பத்து மணியளவில் விசாலம் ஏறி வந்தாள். திருமணமாகித் தோட்டத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஆயினும் எல்லா வழியும் அவளுக்குத் தெரியும். நேரே என்னிடந்தான் வந்தாள்.

“என்னங்க, காத்தாயிக்கு முடியலே. கண்ணு செருகுது. மக பேரையே சொல்லிக்கிட்டு இருக்கு. பால் வாங்குற நேரம். அங்கம்மாவக் கொஞ்சம் அனுப்பிவைங்க.”

அவளே கீழே நின்று அங்கம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம் என்று நீங்கள் எண்ணலாம். தோட்டத்தின் ஒழுங்கு அதற்கு இடந்தராது. கணக்கப்பிள்ளையின் சொல்லின்றி ஒரு பெண் தன் நிரையை, தனக்கு ஒதுக்கிய செடி வரிசையை, விட்டிறங்கினால் அவளுக்கு அன்று அரைப்பேர்தான், பாதிக் கூலி. அந்த ஒழுங்கை அங்கே நிலைநாட்டியவன் நானே. ஆகவே என் மனைவி முறைப்படி என்னிடம் வந்து கேட்டாள்.

என் மனத்தில் ஓடியதை மறைக்கமாட்டேன். அங்கம்மா ஒருத்தி இறங்கினால் அவளுடைய சின்னம்மா இறங்குவாள். சின்னம்மா இறங்கினால் அந்த லயமே இறங்கும். அறுபது கூடைகள் மலையில் கிடக்கும். சாவு விழுந்தால் தப்புப் பறை முழங்கும்; பிணம் எடுக்கும் வரை எவரும் வேலைக்குத் திரும்பமாட்டார்கள். இது அவர்கள் வழக்கம். அதில் தவறும் இல்லை. ஆனால் அன்று வெயில் காய்ந்தது.

“அனுப்புகிறேன். நீ போய் அவளைப் பார்த்துக்கொள்,” என்றேன்.

அவள் நம்பி இறங்கிப் போனாள். நான் அனுப்பவில்லை. ‘இந்த நிரை முடியட்டும்’ என்று முதலில் நினைத்தேன். பிறகு, ‘பகல் நிறுவை முடியட்டும்’ என்று. நண்பகலுக்குப் பிறகு நான் எதையும் நினைக்கவில்லை. வேலை பார்த்தேன். பிற்பகல் நிறுவையில் அங்கம்மாவின் கூடைதான் எல்லாவற்றிலும் கனமாக இருந்தது. அவள் பெயரை நான் உரக்கச் சொல்ல, மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். “தனியா எடுத்தாளா, மாப்புள்ள ஒத்தாசைக்கு வந்தானா?” என்றாள் ஒருத்தி. அங்கம்மாவும் சிரித்தாள். அந்நேரம் அவள் தாய் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

லயத்தில் விசாலமும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவியுமே இருந்தனர். மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்று எண்ணி இருவரும் காத்திருந்திருக்கிறார்கள். அவள் வந்தபிறகே அழலாமென்று வாய்விட்டு அழவும் இல்லை.

மாலை, துரை குதிரையில் வந்தார். மலை முழுவதும் முடிந்திருந்தது. அப்போதுதான் என் தோளில் கை வைத்து அந்தச் சொல்வழக்கைச் சொன்னார். பரிந்துரைக் கடிதத்தையும் கொடுத்தார். அவருக்குக் காத்தாயியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்றும் அவர்மீது எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை.

அதன்பின் அங்கம்மாவிடம், “உன் தாய்க்கு உடம்பு சரியில்லையாம், போ,” என்றேன். அவள் கூடையோடு ஓடினாள். நான் பின்னால் சென்றேன். காம்பரா வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை. “ஏம்மா எனக்கு ஒரு வார்த்த சொல்லி விடல?” என்று அங்கம்மா அலறியதைக் கேட்டேன். விசாலம் தலை நிமிர்ந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அங்கம்மாவின் காதருகே ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. அங்கம்மா என்மீது கோபப்படாததைக் கண்டு, ஏதோ சமாதானம் சொல்லியிருக்கிறாள் என்று எண்ணி நிம்மதியடைந்தேன்.

மறுநாள் அரசாங்கத்துக்கு அனுப்பும் மரணப் பத்திரத்தை நிரப்பியவனும் நானே. நேரம் என்ற கட்டத்தில் ‘மாலை ஐந்து’ என்று எழுதினேன். என் கையெழுத்து அக்காலத்தில் மிக அழகாக இருக்கும்.

விசாலம் அதைப்பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள். என் குறிப்பு அச்சாகி வந்தபோது, அப்போது அவள் நலமாக இருந்தாள், அதனை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், “அவ்வளவுதானா?” என்றாள். நடையில் குறை காண்கிறாள் என்று நான் கருதினேன்.

5

தலைத்திவசத்தன்று நான் வாய் திறக்கவில்லை. அங்கம்மா சாப்பிட்டாள், பாத்திரம் துலக்கினாள், “வர்றேங்கய்யா” என்று கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டாள். நான் தலையசைத்தேன். என் மனைவி செய்யாத பிழைக்கு அவளை மன்னித்த நற்பெயருடன் அங்கம்மாவும், செய்த பிழை வெளிப்படாத நற்பெயருடன் நானும் அந்த வீட்டில் இருந்தோம். பிழையைச் சுமந்தவள் படத்தில் இருந்தாள்.

அன்று மாலையே நடராஜனும் கிளம்பினான். என் குறிப்புகளைத் தொகுத்துக் கொழும்பில் சிறு நூலாக அச்சிட விரும்புவதாகவும், வெயிலைப் பற்றிய கட்டுரை முதலில் நிற்க வேண்டுமென்றும் சொன்னான். “அம்மா ஞாபகமா இருக்கும் அப்பா,” என்றான். அவன் அன்போடு சொன்னான். நான் அவன் பெட்டியை எடுத்து வண்டிக்காரனிடம் கொடுத்தேன். அவனும் மறுமுறை கேட்காமல் வண்டி ஏறினான்.

6

வைகாசியில் மடுல்சீமைக்குச் சென்றேன். பசறையில் தெரிந்த செட்டியார் கடையில் ஓர் இரவு தங்கி, காலையில் மலைப்பாதை ஏறினேன். இரண்டு வாரமாகப் பெய்த மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. பாதை நெடுகச் சேறு. மலைகளின் மேல் நல்ல வெயில்.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை இளைஞர், நல்ல முகம். நான் பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“அய்யா நீங்களா! நான் லால்குடிப் பக்கம். பள்ளிக்கூடத்துல உங்க கட்டுரைய எங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் அய்யா நான் சிலோனுக்கே பொறப்பட்டேன். கத்தரிச்சுப் பெட்டியில வெச்சிருக்கேன்.”

எனக்குக் கடிதம் எழுதிய இளைஞர்களுள் இவரும் ஒருவராம். நன்றி சொன்னேன். பிறகு அங்கம்மா என்ற பெண்ணிடம் சற்றுப் பேச வேண்டும், கூப்பிட்டு விட முடியுமா என்று கேட்டேன்.

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “அவ ஆத்தோர மலையில நிக்கிறா. சாயங்காலம் தராசு முடிஞ்சதும் நானே அனுப்பிவைக்கிறேன் அய்யா. இப்ப ஒருத்திய எறக்குனா மத்தவங்களும் என்னா ஏதுன்னு எறங்கிருவாங்க. அய்யாவுக்கு நான் சொல்லணுமா? நீங்க எழுதுனதுதானே. இந்த வெயில விட்டா...” மரியாதைக்காக வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அவரைத் திருத்தும் தகுதி எனக்கு எங்கிருந்து வரும்? அங்கம்மாவின் காம்பரா எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன்.

காத்தாயி இறந்த அதே காம்பராதான். வாசற்படியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்மலையில் பெண்களின் தலைகள் பச்சைக்கு மேல் தெரிந்தன. சற்று நேரத்தில் ஒரு குரல் வந்தது.

“யாருடி அது, கொடையும் கோட்டுமா ஒக்காந்திருக்கிறது? புதுத் தொரையா?”

“இந்த வயசுல தொரையா? பொண்ணு பாக்க வந்த மாப்புள்ளடி.”

“யாருக்கு?”

“அங்கம்மா வாசல்லதானே ஒக்காந்திருக்காரு!”

“ஏ அங்கம்மா, பல்லு இருக்கான்னு கேட்டுட்டுக் கட்டிக்க!”

பெரிய சிரிப்பு எழுந்தது. அதன் நடுவே அங்கம்மாவின் குரல்: “வாய மூடுங்கடி, அது நம்ம பதுளை ஐயாடி!”

ஒரு சொல்லும் சிந்தாமல் எனக்குக் கேட்டது. எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காதும் முன்போல் இல்லை. காற்றும் என் பக்கம் வீசவில்லை. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கணக்கப்பிள்ளையாக இருந்த காலம் முழுவதும் நான் தராசுப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். இந்த வாசற்படியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. பத்து மணியிலிருந்து மாலை வரை அங்கேயே இருந்தேன்.

7

அந்திப் பொழுதில் அங்கம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். கூடை முதுகிலேயே இருந்தது. “சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனேங்கய்யா! தேத்தண்ணி குடிச்சீங்களா?” என்றாள்.

“உட்கார், அங்கம்மா,” என்றேன்.

அவள் உட்காரவில்லை. என் குரலில் எதையோ கண்டுகொண்டு கூடையை இறக்கி வைத்தாள். நான் மேலே எழுதியவற்றை, இதைவிடக் குறைந்த சொற்களில், அவளிடம் சொன்னேன். விசாலம் வழி தப்பவில்லை என்பதை முதலில் சொன்னேன்.

அவள் தலைத்துணியை அவிழ்த்து மடித்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிறுவையில் சந்தேகம் வந்தால் கேட்பது போன்ற நிதானத்தோடு கேட்டாள்.

“அம்மா எத்தன மணிக்கு ஒங்ககிட்ட வந்தாங்க?”

“பத்து மணிக்கு.”

“ஆத்தா எப்ப போச்சு?”

“நண்பகலுக்குச் சற்றுப் பின்னால். அம்மா என்னிடம் வந்தபின்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் உயிர் இருந்தது.”

“பேசுச்சா?”

“உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள்.”

“நான் எங்கிட்டு நின்னேன்?”

“ஆற்றோர மலையில்.”

அவள் திரும்பி எதிர்மலையைப் பார்த்தாள். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன்; விரும்பினேன் என்றே சொல்லலாம். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

“அந்த அம்மாவப் போயி...” என்றாள். “வருசா வருசம் அவங்க மூஞ்சிக்கு நேரா மன்னிச்சுட்டேன், மன்னிச்சுட்டேன்னு சொன்னேனே. சேலைய வாங்கிக்கிட்டுச் சொன்னேனே. போன மாசங்கூட அத்தன பேரு முன்னாடி சொன்னேனே. அவங்களும் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்களேய்யா. என்னா வார்த்த அது! யாரு யார மன்னிக்கிறது?”

“பிழை என்னுடையது அங்கம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.”

“கேக்காதீங்க,” என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. தெளிவாகச் சொன்னாள். “எங்கிட்ட அது இல்லங்க. இருந்ததெல்லாம் அந்த அம்மாவுக்கே வீணாக் குடுத்துட்டேன்.”

வாசற்படியின் ஓரத்துக்குப் போய், நான் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றாள். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆற்றோர மலையில் ஒரேயொருத்தி மட்டும் விறகுச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மங்கிய வெளிச்சத்தில் அவள் தலைத்துணி மட்டுமே தெரிந்தது. அங்கம்மா கையை வாயருகே கொண்டுபோகவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நோயில் கிடக்கும் ஒரு முதியவள் அழைப்பது போன்ற தாழ்ந்த குரலில், தன் பெயரையே கூப்பிட்டாள்.

“அங்கம்மா.”

எதிர்மலையில் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

“அக்கா இங்க இல்லயே,” என்று பதில் வந்தது. “அப்பவே எறங்கிருச்சே. யாரு கூப்புடுறது?”